இரண்டாம் தடவை சொன்னால் பெரட்டு

1

பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஹியூஸ்டனில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் எனக்கு எட்டு வருடமாக வேலை. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் போர்வை தானாக மடியப்போவதில்லை.

"தாரணியின் அப்பாவா?" என்று ஒரு பெண் கேட்டார். பின்னால் துணி உலர்த்தும் இயந்திரம் மலையேறும் லொறிபோல இரைந்துகொண்டிருந்தது. அவர் வேகமாகப் பேசியதில் மகள், வகுப்பு, அலர்ஜி என்ற மூன்று சொற்கள்தான் பிடிபட்டன.

"இறால்," என்றேன். "இறால் மட்டும்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. யார் கொடுத்தது?"

"சேர், நான் சொன்னது அலர்ஜி இல்லை. அலீஜன்ஸ்," என்றார். பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

அலீஜன்ஸ் என்றால் விசுவாசம். இந்த ஊர்ப் பாடசாலைகளில் தினமும் காலையில் பிள்ளைகள் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கொடியைப் பார்த்து விசுவாச உறுதிமொழி சொல்ல வேண்டும். நாட்டுக் கொடிக்கு ஒன்று. அது முடிந்ததும் மாநிலக் கொடிக்கு இன்னொன்று. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தாரணி ஒன்பது நாளாக எழுந்திருக்கவில்லையாம்.

"தொந்தரவு எதுவும் கிடையாது, சேர். சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் எங்கள் மாநிலச் சட்டப்படி, சொல்ல விருப்பமில்லாத பிள்ளைக்குப் பெற்றோரின் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் கொடுங்கள். இல்லையென்றால் மகளோடு பேசுங்கள்," என்றார்.

மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் குடியுரிமை அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் நான் ஒரு மண்டபத்துக்குப் போய், வலது கையைத் தூக்கி, இந்த நாட்டுக்குச் சத்தியம் செய்ய வேண்டும். நான் செய்தால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பதால் தாரணியும் தானாகவே பிரஜையாகிவிடுவாள். அப்பன் விசுவாசம் சொல்லப் போகிற நேரத்தில் மகள் விசுவாசம் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இது எங்காவது ஒரு கோப்பில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

2

சலவைக்கூடத்திலும் எங்களுக்கு ஒரு காலைக் கூட்டம் உண்டு. ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் பெயர்களை வாசிப்பார். பிறகு எல்லோரும் வட்டமாக நின்று, கையுறை போடுவோம், ஊசி கிடந்தால் தொடமாட்டோம், ஒருவரை ஒருவர் பாதுகாப்போம் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். மெக்சிகோக்காரர், வியட்நாம்காரர், நான் எல்லோரும் அவரவர் நாக்குக்கு வளைந்த மாதிரி சொல்லுவோம். இதற்கு நான் மனதுக்குள் பெரட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தொழிலாளர்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதும், கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து வேலைக்குப் பிரித்து அனுப்புவதும்தான் பெரட்டு. பெயர் வாசிக்கும்போது குரல் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. என் அப்பா காளிமுத்து கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை வெட்டி மட்டம் பண்ணுகிறவர். கத்தி தீட்டாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார். அதனால் பாதி நாள் பிந்திவிடும். கணக்கப்பிள்ளை "காளிமுத்து!" என்பார். பெண்கள் வரிசையிலிருந்து அம்மா "இந்தா இருக்காருங்க" என்பார்.

"ஆளக் காணோமே?"

"கொரலு கேக்கலீங்களா?" என்று அம்மா திருப்பிக் கேட்பார். கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும், பெயரைக் குறித்துவிடுவார். அப்பா அப்போதுதான் மேட்டு லயத்தில் இருந்த எங்கள் வரிசைவீட்டிலிருந்து படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் விஷயத்தை என் மனைவி புஷ்பாவிடம் சொன்னேன். அவள் மடுல்சீமைக்காரி. வீதி சரியில்லாத ஊரில் பிறந்து குறுக்குப் பாதையிலேயே நடந்து பழகியதால் எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மொதல்ல அவள எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க," என்றாள். "ஒங்க பேப்பர் கைக்கு வரட்டும். அதுக்கப்பறம் ஒக்காருறாளா, படுத்துக்கிறாளா, அவ இஷ்டம்."

தாரணி மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் பதுளை ஸ்டேஷனில் ரயிலேறியவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொலைபேசி, இன்டர்நெட் வைத்து நடத்தும் ஒரு கொமியுனிகேஷன் கடையில் விளையாட்டாக நான் போட்ட விசா லொத்தர் குலுக்கலில் விழுந்ததால் இங்கே வந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவாள், நாங்கள் பின்னால் ஓட வேண்டியதுதான்.

"ஏம்மா எந்திரிக்கல?" என்று கேட்டேன்.

"நான்தான் சொல்லிட்டேனே," என்றாள், தலையைத் தூக்காமல்.

"எங்க சொன்ன? இன்னும் ஒன்னுமே சொல்லலையே நீ."

"சொல்லிட்டேன்ப்பா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இருபது வருடத்துக்கு முந்தைய வாத்தியார் எழுந்துவிட்டார். அப்பனைக் கேலி பண்ணுகிறாயா, இந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து திமிர் பழகுகிறாயா என்று கத்தினேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் அவளுடைய மரியாதை.

3

நான் எந்த முகத்தோடு கத்தினேன் என்று பிறகு யோசித்தேன்.

தோட்டப் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது வரிசைகளுக்கு நடுவில் நடந்து போகும் வேலை என்னுடையது. நான் பார்த்தது பிள்ளைகளின் முகத்தையல்ல, வாயை. எந்த வாய் அசையவில்லையோ அந்தப் பிள்ளையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தித் தனியாகப் பாட வைப்பேன். சிலதுகள் பசியோடு வந்திருக்கும். சிலதுகளுக்கு மழையில் நனைந்து பல் கிட்டித்துக்கொண்டிருக்கும். பாடு என்றால் பாடும். அதைத் தேசப்பற்று என்று நினைத்துக்கொண்டேன். அதிபர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற பயம்தான் அது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் வாய் அசைக்க வேண்டிய நாட்கள் இருந்தன. அரச ஊழியர்கள் வருடத்தின் முதல் வேலைநாளில் கொடியேற்றி உறுதிமொழி வாசிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வருடம் எங்கள் பாடசாலைக்கு அது சிங்களத்தில் மட்டும் வந்தது. அதிபர் அதைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆறு வாத்தியாரும் நின்று கணீரென்று வாசித்தோம். என்னத்தைச் சொன்னோம் என்று தேநீர் குடிக்கும்போது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். நல்லதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தோம்.

நியமனம் கிடைத்த அன்றைக்கு இன்னொரு சத்தியம். நாட்டைப் பிரிக்க நினைக்கமாட்டேன், பிரிப்பவர்களுக்குத் துணை போகமாட்டேன் என்று. லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, நடுவில் ஒரு பலகை வைத்துப் பிரிப்பதற்கே தோட்டத்துத் தொரையிடம் அனுமதி கேட்க வேண்டிய குடும்பம் எங்களுடையது. அந்த வம்சத்தில் வந்தவன் நாட்டைப் பிரிக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. உத்தியோகம் வேண்டுமே.

4

என் அப்பா சத்தியத்தைப் பற்றி வேறு மாதிரி நினைப்பு உள்ளவர். அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

நான் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அம்மனுடைய வெள்ளிக் கண்மலர் காணாமல் போனது. திருவிழாவுக்கு முன்னால் நகைப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தவர் அப்பா. பார்வை அவர் மேல் விழுந்தது. அவர் வாய்ப்பேச்சுக்கு நிற்கவில்லை. முனியாண்டி கல்லுக்கு முன்னால் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, "நான் எடுக்கல" என்று சொல்லி, மற்றக் கையால் அடித்து அணைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. கை பொத்துப்போனது. அம்மா ஒரு வாரம் சோறு ஊட்டிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துத் தலைவர் வந்தார். "காளிமுத்து, கீழ் டிவிஷன் ஆளுங்க அன்னைக்கு வரல. அவங்க முன்னுக்கு ஒருக்கா பண்ணிரு. பிரச்சின முடிஞ்சுரும்," என்றார்.

அப்பா கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றார்.

"ஒருக்கா பண்ணாத்தான் தலைவரே சத்தியம். மறுக்கா பண்ணச் சொன்னா மொதப் பண்ணத நம்பலன்னு அர்த்தம். தெனம் பண்ணா அதுக்குப் பேரு பெரட்டு."

அவ்வளவுதான். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் திருவிழாவில் எங்கள் வீட்டு அர்ச்சனைத் தட்டை யாரும் வாங்கவில்லை. தேர் எங்கள் லயத்து வாசலில் நிற்காமல் போனது. நான் அழுதேன். அப்பா சாமியைப் பார்த்துக் கும்பிட்டார், ஆட்களைப் பார்க்கவில்லை. மறுவருடம் நகைப்பெட்டியின் அடிப்பலகை இடுக்கிலிருந்து கண்மலர் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் வெற்றிலையை அப்பா கையில் கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுசன்தான் எனக்காகப் பதுளையில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு ஏறி இறங்கினார். ஆசிரியர் நியமனத்துக்குப் பிரஜாவுரிமைக்கு அத்தாட்சி கேட்டார்கள். அப்பாவுடைய பெயர் தோட்டத்துப் பதிவில் ஒரு மாதிரி, என் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அவர் பிரஜாவுரிமைக் கடதாசியில் இன்னொரு மாதிரி. எழுதினவர்களுடைய காது எப்படியோ எங்கள் பெயரும் அப்படி. காளிமுத்து, கலிமுத்து, கே. முத்து என்ற மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும் என்றார்கள். ஒரு நீதவான் முன்னால் அப்பா சத்தியம் செய்தார். அடுத்த தடவை போனபோது அதில் ஒரு சொல் பிழை என்றார்கள். மறுபடி செய்தார். பிறகு ஒரு முத்திரை குறைவு. மூன்றாவது தடவையும் செய்தார். தான் தானேதான் என்று மூன்று தடவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன். இளந்தாரி வயது, வாய் சும்மா இருக்குமா?

"ஒருக்காதான் சத்தியம்னீங்களேப்பா?"

"கடுதாசிதானேடா சத்தியம் பண்ணுது," என்று சிரித்தார். பேரு அப்படித்தானே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாலிஎல சந்தியில் பஸ் நின்றபோது, நான் கேட்டதே மறந்துபோன நேரத்தில், "ஒனக்காகத்தான்டா," என்றார்.

இங்கே நான் எடுக்கப்போகும் சத்தியத்தின் வாசகத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். இதுவரைக்கும் வேறு எந்த நாட்டுக்கு, எந்த ராஜாவுக்கு விசுவாசமாக இருந்தாலும் அதை முழுவதுமாகக் கைவிடுகிறேன் என்று வருகிறது. கூப்பிட்டால் ஆயுதம் தூக்குவேன் என்றும் வருகிறது. எங்கள் பரம்பரையில் கவ்வாத்துக் கத்திக்கு மேல் யாரும் தூக்கியதில்லை, அது போகட்டும். கைவிடுகிறேன் என்ற இடத்தில்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் கைவிடப்போகும் பொருள் அப்பா மூன்று தடவை தன் கொள்கையை விழுங்கி வாங்கிக் கொடுத்தது. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வலித்தது, அது மட்டும் தெரியும்.

5

வியாழக்கிழமை தாரணியை நானே காரில் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். காரில் பேசினால் ஒரு வசதி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

"நேத்து கத்துனது தப்பும்மா," என்றேன். "ஏன்னு மட்டும் சொல்லு. யாராச்சும் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"நீங்கதான்," என்றாள்.

நான் பிரேக்கை அழுத்தியதில் பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார்.

"சின்ன வயசுலருந்து தெனமும் சொல்லுவேன்ப்பா. பாட்டு மாதிரி. அர்த்தமே தெரியாது. இந்த வருஷம் மொத நாள் டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொன்னாங்க. இது ஒரு ப்ரொமிஸ்னு சொன்னாங்க. மறுநாள் காலையில எந்திரிச்சு நின்னு, மனசார சொன்னேன். நெஜமாவே சொன்னேன். அதுக்கு அடுத்த நாளும் சொல்லச் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "தாத்தா சொன்னாருல்ல, மறுக்கா கேட்டா மொதத் தடவ நம்பலன்னு அர்த்தம்னு? தெனம் பண்ணா பரேட்னு?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கைத்தொலைபேசியை யார் கீழே போட்டது என்ற சண்டையில், "அம்மா மேல சத்தியமா நானில்ல" என்று அவள் சொல்லியும் புஷ்பா மறுபடி சத்தியம் கேட்டாள். நான் குறுக்கே விழுந்து, காளிமுத்து பரம்பரையில் அந்த வழக்கம் கிடையாது என்று பெருமையாக இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். சொன்னவன் மறந்துவிட்டேன். கேட்டவள் வைத்திருக்கிறாள். பெரட்டு என்ற சொல் மட்டும் அவள் வாயில் பரேட் ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த சொல்லைத்தான் நம் ஆட்கள் பெரட்டு ஆக்கினார்கள் என்பார்கள். அது வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

"பரேட் இல்லம்மா, பெரட்டு," என்றேன்.

"பெரட்டு," என்றாள். "நான் அந்த ஒரு தடவ சொன்னது போதும்ப்பா. அத அவங்க நம்பணும்."

இந்த நாட்டின் கொடிக்கு முன்னால் நாள்தோறும் எழுந்து நிற்கும் அத்தனை பிள்ளைகளிலும் அதை முழு மனதோடு நம்பிச் சொன்னவள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் எந்த அலுவலகத்தில் போய் விளக்குவது?

வீட்டில் அன்று பெரிய விவாதம். நான் மகள் பக்கம் சாய்ந்துவிட்டேன். "தாலிய ஒருக்காதானே கட்டுனேன். தெனம் காலையில மறுபடி கட்டுன்னா நீ சும்மா இருப்பியா?" என்று புஷ்பாவைக் கேட்டேன்.

"சாமிய தெனமும்தானே கும்புடுறோம்?" என்றாள் அவள் உடனே. "நேத்தே கும்புட்டாச்சுன்னு வெளக்கு ஏத்தாம விட்டுட்டமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. தினமும் சொல்வதால் மனதில் பதியும் என்பவர்களை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் விளக்கு ஏற்றாவிட்டால் சாமி நமக்குக் கடிதம் போடுவதில்லை. பெரியவர்கள் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து வந்தால் ஒரு தடவை சத்தியம் கேட்பது நியாயம். சிறுபிள்ளைகளிடம் நாள்தோறும் கேட்டால் அது பழக்கமாகும், வாய் அசையும், என்னைப் போல ஒருத்தர் வரிசைக்கு நடுவில் நடந்து அதைச் சரிபார்ப்பார். அதற்கு மேல் என்ன வளரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் பாடசாலை நடத்தும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

புஷ்பாவின் பயமும் பொய்யில்லை. "கையெழுத்துப் போட்டு, அவன் ஒங்க பேப்பர நிப்பாட்டிட்டான்னா? அவளுக்கும் சேத்துத்தானே போகும்?" என்றாள். அப்படி ஒன்றும் நடக்காது, சட்டமே இடம் கொடுக்கிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? கச்சேரி வாசலில் மூன்று தலைமுறையாக நின்ற கால், கடதாசி என்றாலே நடுங்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. என் மகள் இந்த வருடம் உறுதிமொழியை மனதாரச் சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் சத்தியம் ஒரு தடவைதான் செய்வது. தயவுசெய்து அவளை நம்பவும்.

புஷ்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "கடைசி வரி வேணாங்க. ஆபீசுக்கு அப்புடி எழுதுவாங்களா?" என்றாள். அதுதான் கடிதமே என்று சொல்லி உறையில் போட்டு ஒட்டினேன். பாடசாலைப் பெண் வாங்கிப் பார்த்து, நன்றி சேர் என்று கோப்பில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

6

சத்தியம் செய்யும் நாள் வந்தது. பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லோர் கையிலும் சின்னக் கொடி. எங்களைக் கீழே வரிசையாக உட்கார வைத்தார்கள். குடும்பத்தவர்களுக்கு மேலே மாடத்தில் இடம். புஷ்பா கல்யாணச் சேலை உடுத்தி வந்திருந்தாள். பக்கத்தில் தாரணி.

நீதிபதி ஒவ்வொரு துண்டாகச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். கைவிடுகிறேன் என்ற இடம் வந்தது. பதுளை பஸ்ஸின் ஜன்னலோரம் அப்பாவின் கழுத்து எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மனதாரத்தான் சொன்னேன். இங்கே என்னை யாரும் நீ நீதானா என்று மூன்று தடவை கேட்கவில்லை. அதற்காகவே சொல்லலாம் என்று தோன்றியது. முடிந்து உட்கார்ந்தபோது கண்ணைத் துடைத்தேன். பக்கத்திலிருந்த ஒரு ஆபிரிக்கப் பெண்மணி எனக்குக் கடதாசிக் கைக்குட்டை நீட்டினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒருவர் மேடைக்கு வந்து, இப்போது எல்லோரும் எழுந்து கொடியைப் பார்த்து விசுவாச உறுதிமொழி சொல்வோம் என்றார். பிள்ளைகள் பாடசாலையில் சொல்லும் அதே உறுதிமொழி.

எழுந்தேன். நெஞ்சில் கை வைத்தேன். வாய் திறக்கவில்லை. இப்போதுதானே சொன்னேன்? மகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் இரண்டாம் தடவை சொல்வதா? காளிமுத்துவின் மகன் என்று எனக்குள்ளே ஒரு வீறாப்பு. அலுவலர் ஒருவர் வரிசைகளுக்கு நடுவில் மெல்ல நடந்து வந்தார். அவர் சும்மா நடந்திருக்கலாம். எனக்கு என் பழைய நடை ஞாபகம் வந்தது. ஆனாலும் உதட்டைத் திறக்கவில்லை.

அப்போது மேலே மாடத்திலிருந்து ஒரு குரல் மற்றக் குரல்களுக்கு மேலே கேட்டது. மெல்லிசான குரல். ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னது. நிமிர்ந்து பார்த்தேன். தாரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நெஞ்சில் வைத்து, கொடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வெயில் கொளுத்தியது. புஷ்பா என் சான்றிதழை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நீ ஏம்மா சொன்ன?" என்று தாரணியைக் கேட்டேன். "ஒனக்குத்தான் கடுதாசி குடுத்திருக்கேனே?"

"ஒங்க வாய் அசையவே இல்லப்பா. மேலருந்து பாத்தேன். அந்த ஆபீசர் ஒங்க வரிசைக்கு வந்துகிட்டு இருந்தாரு. அதான் ரெண்டு பேருக்கும் சேத்து சத்தமா சொல்லிட்டேன்."

"அப்போ ஒன்னோட சத்தியம்?"

"என்னோடது எப்பவோ முடிஞ்சுதே," என்றாள். "இது ஒங்களுக்காகத்தான். இது பெரட்டு."

இந்த முறை அந்தச் சொல் சரியாக வந்தது. நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவை அவள் கண்டதில்லை. பெண்கள் வரிசையில் நின்று, இன்னும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தருக்காக அம்மா குரல் கொடுத்த கதையை நான் அவளுக்குச் சொன்னதும் இல்லை.

"அவங்களுக்குக் கேட்டிருக்கும்லப்பா?" என்றாள், இன்னும் பயம் போகாத முகத்தோடு.

"கொரலு கேட்டுச்சும்மா," என்றேன். "பேரு குறிச்சிட்டாங்க."